மனசு சோர்ந்து கிடக்கும்போது எந்தச் சிரிப்புப் புத்தகம்? எப்படிப் பார்த்து எடுப்பது?

வடசேரி வாசகர்

எல்லாருக்கும் வணக்கம். ‘சிறந்த பத்து நகைச்சுவை நூல்கள்’ மாதிரிப் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்குது, அது வேண்டாம். சோர்ந்துபோன ஒருத்தர் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் நிஜமாகவே சிரிப்பு வரும்? அதை வாங்குறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுதான் கேள்வி.

மூணு பேருக்காகக் கேட்கிறேன். ஒருத்தர் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கிறவர், வயசு அறுபதுக்கு மேல. இன்னொருத்தி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளை, ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல ஒதுக்க முடியாது. மூணாவது ஆளுக்கு வாசிப்புப் பழக்கமே விட்டுப்போச்சு, எப்பவும் போன்தான்.

கடையில் ‘வயிறு குலுங்க’, ‘சிரிக்கச் சிரிக்க’ன்னு அட்டை போட்ட துணுக்குத் தொகுப்புகள் நிறைய இருக்கு. பத்துப் பக்கம் தாண்டினதும் எல்லாருக்கும் சலிக்குது. அது ஏன்னும் யாராவது சொன்னால் நல்லது.

கோட்டாறு ஏடு

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம், மற்றதுக்கும் பதில் அதில்தான் இருக்கு.

ஒரு துணுக்கில் ஆள் கிடையாது. ‘ஒரு நோயாளி’, ‘ஒரு டாக்டர்’ அவ்வளவுதான். ரெண்டு வரியில் முடிச்சுப் போட்டு மூணாவது வரியில் அவிழ்க்கணும். அடுத்த துணுக்கில் வேறு ஆட்கள், ஆனால் அதே முடிச்சு. பத்துப் பக்கத்தில் மனசு அந்த அமைப்பைப் பிடிச்சிரும், அதுக்கப்புறம் மூணாவது வரி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோகும். வாரப் பத்திரிகையில் பக்கத்துக்கு ஒண்ணு, கதைக்கும் கட்டுரைக்கும் நடுவில் வைக்கிறதுக்காக எழுதப்பட்டது அது. இருநூறு துணுக்கை ஒரே அட்டைக்குள் அடைச்சால் சலிக்கத்தான் செய்யும்.

நீடிச்சு நிக்கிற சிரிப்பு ஆளிடமிருந்து வரும். ஒருத்தரோட குணம் நமக்குப் பழகணும். அப்புறம் அவர் வாசல்படியில் வந்து நின்னாலே, இப்போ என்ன செய்யப் போறார்னு நமக்கு முந்திச் சிரிப்பு வரும். தேவனுடைய ‘துப்பறியும் சாம்பு’ இத்தனை காலம் நிக்கிறதுக்கு அதுதான் காரணம். சாம்புவுக்குத் துப்பறியத் தெரியாதுன்னு வாசகருக்குத் தெரியும், கடைசியில் அவருக்குத்தான் பேர் கிடைக்கும்னும் தெரியும். ரெண்டும் தெரிஞ்சும் பக்கத்தைத் திருப்புறோம். நடுவில் என்ன கோணல் நடக்கப்போகுதுங்கிறதுதான் ஆவல்.

ஆகவே கடையில் நின்னு பார்க்கிற முறை இது:

முதல் பக்கத்தைப் படிக்காதீங்க. எந்த எழுத்தாளரும் முதல் பக்கத்தில் கூடுதல் உழைப்பு போட்டிருப்பார். மூணில் ஒரு பங்கு தாண்டித் திறந்து ரெண்டு பக்கம் தொடர்ச்சியா வாசிங்க. அந்த ரெண்டு பக்கத்தில் யார் பேசுறாங்கன்னு பேரைப் பார்க்காமலே தெரியுதான்னு கவனிங்க. தெரிஞ்சால் அங்கே ஆள் இருக்கு. எல்லாரும் ஒரே மாதிரிச் சாமர்த்தியமாப் பேசினால் அங்கே எழுத்தாளர் மட்டும்தான் இருக்கார், ஐம்பது பக்கத்தில் களைச்சுருவீங்க.

அடுத்து ஆச்சரியக்குறிகளைப் பாருங்க. பக்கத்துக்கு ஏழெட்டு இருந்தால், ‘இங்கே சிரி’ன்னு வாசகரின் விலாவில் இடிக்கிற எழுத்து. நல்ல நகைச்சுவை எழுத்து பெரும்பாலும் முகத்தை இயல்பா வச்சுக்கிட்டுத்தான் சொல்லும்.

மூணாவது, அத்தியாயத்தின் நீளம். சோர்ந்த மனசுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கம் வரைதான் ஒரே மூச்சில் போகும். பொருளடக்கத்தில் பக்க எண்ணைக் கழிச்சுப் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிஞ்சிரும்.

தக்கலை நர்ஸக்கா

ஏடு அண்ணாச்சி சொன்னது கொள்ளாம். ஆனா அந்த ஆபரேஷன் ஆனவருக்குச் சாம்பு வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம்.

வயிற்றில் தையல் இருக்கும்போது குலுங்கிச் சிரிச்சால் வயிற்றுத் தசை சுருங்கி உள்ளே அழுத்தம் ஏறும். இருமும்போதும் தும்மும்போதும் வலிக்கிற மாதிரியே வலிக்கும். தலையணையை வயிற்றில் அணைச்சுப் பிடிச்சு இருமச் சொல்லுவாங்க இல்லையா, சிரிப்பு வந்தாலும் அதையேதான் செய்யணும். வலி வந்துட்டால் அந்தப் புத்தகத்தையே திரும்பத் தொட மாட்டார். முதல் ரெண்டு வாரத்துக்கு உதட்டோரம் சிரிக்க வைக்கிற எழுத்து போதும். வெடிச்சிரிப்பு டாக்டர் சரின்னு சொன்ன பிறகு.

உதட்டோரச் சிரிப்புக்கு அசோகமித்திரன். ‘ஒற்றன்’ எடுத்துக்கிடுங்க. அமெரிக்காவில் ஐயோவா நகரத்துக்குப் பல நாட்டு எழுத்தாளர்கள் வந்து தங்குறாங்க, ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனியா நிக்கும், எங்கே விட்டாலும் நஷ்டமில்லை. இல்லாட்டி அ. முத்துலிங்கம் கட்டுரைகள், ‘அங்கே இப்ப என்ன நேரம்?’ மாதிரி. இவங்க ரெண்டு பேருமே யாரையும் தாழ்த்திச் சிரிக்க மாட்டாங்க. நோயாளிக்கு அது முக்கியம். படுத்துக்கிடக்கிறவருக்கு மத்தவங்க தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்களோங்கிற எண்ணம் லேசில் வந்துரும்.

அப்புறம் புத்தகத்தின் எடை. மல்லாந்து படுத்து ரெண்டு கையால தூக்கிப் பிடிச்சு வாசிக்கணும், ஒரு கையில் டிரிப் ஊசி வேற இருக்கும். நூற்றைம்பது பக்கத்துக்குள்ள, மெல்லிய அட்டை போட்டதா இருக்கணும். கெட்டி அட்டையில் நானூறு பக்கத் தொகுப்பை வார்டுக்குக் கொண்டு போனால் அது ஸ்டூல் மேலயே இருக்கும். எழுத்து பன்னிரண்டு புள்ளி அளவுக்குக் குறையக் கூடாது. கண்ணாடி வீட்டில் இருக்கான்னு கேட்டு அதையும் சேர்த்துக் கொண்டுபோங்க.

பூதப்பாண்டி வாத்தியார்

நம்ம மண்ணில் சிரிப்புன்னு பேச்சு எடுத்தால் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ இல்லாமல் முடியாது. பலர் அதைப் பாடப்புத்தகக் கவிஞரோட நூல்னு நினைச்சுத் தொடாமலே விட்டுடுறாங்க. தேரூர்க்காரரான கவிமணி (1876-1954) எழுதின நேரடியான, கடுமையான, வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற நூல் அது.

வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். மருமக்கள் வழியில் ஒருத்தருடைய குடும்பச் சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். குடும்பத்தை நடத்துகிற மூத்த ஆண் காரணவர். இது மனசில் இருந்தால் போதும், நூலில் வர்ற ஒவ்வொரு சண்டையும் தானாகப் புரியும். கதை சொல்றது காரணவரின் ஐந்தாவது மனைவி. புருஷன் வீட்டில் அவள் படுகிற பாடு, மாமியின் ஆட்சி, சொத்து கரையுற விதம் எல்லாம் அவள் வாய்மொழியா வருது.

சிரிப்பின் சூட்சுமம் அமைப்பில் இருக்கு. பெரிய புராணங்களுக்கும் காவியங்களுக்கும் உரிய ‘படலம்’ என்ற பிரிவை எடுத்து ஒரு குடும்பச் சண்டைக்குப் போட்டிருக்கார். ‘மாமி அரசியற் படலம்’, ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’னு தலைப்பைப் படிக்கும்போதே சிரிப்பு தொடங்கிரும். கோடுன்னால் கோர்ட், கேஸ் நடத்தியே குடி முழுகின கதை.

எப்படி வாசிக்கணும்னால், வாய்விட்டு. பாட்டுதானேன்னு பயப்பட வேண்டாம், அடிகள் பேச்சு மாதிரியே ஓடும். கண்ணால் மட்டும் ஓட்டினால் உரைநடை வேகத்தில் போய்ப் பாதி நயம் தப்பிரும். முதல் தடவை மாமி அரசியற் படலத்திலிருந்து ஆரம்பிங்க. தொடக்கத்தில் வர்ற குலமுறையை அப்புறம் வந்து படிச்சுக்கிடலாம். எண்பது வயசு ஆச்சி யாராவது வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வச்சு வாசிங்க. பாத்திரம், பண்டம், உறவுமுறைச் சொல் எல்லாத்துக்கும் உரை அங்கேயே கிடைக்கும்.

வாங்கும்போது கவனம்: ‘மலரும் மாலையும்’ கவிமணியின் வேறு நூல், அது கவிதைத் தொகுப்பு. பேரை முழுசாச் சொல்லிக் கேளுங்க.

விளவங்கோடு ராபி

வாத்தியார் சாருக்கு நன்றி. அதுக்கு அடுத்த படி நம்ம பக்கத்தில் பஷீராக்கும்.

வைக்கம் முகம்மது பஷீரை மலையாளத்தில் வாசிக்கத் தெரியாதவங்களுக்குக் குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்பு இருக்கு. நம்ம குமரி மாவட்டத்துக்காரர், ‘திருடன் மணியன்பிள்ளை’ மொழிபெயர்ப்புக்குச் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கினவர். உம்மா (அம்மா), உப்பப்பா (தாத்தா) மாதிரிச் சொல்லையெல்லாம் சென்னைத் தமிழாக மாத்தாமல் அப்படியே விட்டிருப்பார். கொளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்து வீடுகளில் இன்னைக்கும் புழங்குற சொல் அது. நமக்கு அது அடிக்குறிப்பு தேவைப்படாத தமிழ்.

வரிசை முக்கியம். முதலில் ‘உலகப்புகழ் பெற்ற மூக்கு’, சிறுகதை. ஒரு சமையல்காரனுக்கு மூக்கு நீண்டுகிட்டே போகுது, அதனால பெரிய மனுஷனாகிடுறான். வாசிப்பு விட்டுப்போன அந்த மூணாவது ஆளுக்கு இதைக் கொடுங்க, ஒரு சாயா ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும். அது பிடிச்சால் ‘பாத்துமாவின் ஆடு’. வீடு நிறைய ஆட்கள், எல்லாருக்கும் காசு தேவை, எழுத்தாளர் கையில்தான் காசு இருக்குன்னு எல்லாரும் நம்புறாங்க. பாத்துமாவோட ஆடு அவர் எழுதின புத்தகத்தையே தின்னுது.

இந்த இழைக்கு ரொம்பப் பொருத்தமான விஷயம் அந்த நூலின் முன்னுரையில் இருக்கு. மனநோய்க்குச் சிகிச்சையில் இருந்த காலத்தில், 1954இல் எழுதினதுன்னு பஷீரே சொல்றார். திருத்தி எழுதாமல் 1959இல் வெளியிட்டார். ‘பெண்களின் புத்தி’ன்னு ஒரு மாற்றுப் பேரும் வச்சிருக்கார். மனசு மோசமா இருக்கிறவங்களுக்கு அந்த முன்னுரையையும் சேர்த்து வாசிக்கக் கொடுங்க, தாண்டிப் போக விடாதீங்க.

‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ மூணாவதா வரலாம். உம்மாவோட பழம்பெருமைப் பேச்சு அருமை. ஆனால் நடுவில் அந்தக் குடும்பம் வறுமையில் விழும், அங்கே சிரிப்பு குறையும். நல்லாத் தெம்பு வந்த பிறகு எடுக்க வேண்டிய புத்தகம்.

திங்கள்சந்தை வாசகி

பரிட்சைக்குப் படிக்கிற தங்கச்சிக்கு என்னோட யோசனை, நாவலே வேண்டாம். இருபது நிமிஷத்தில் நாவலை நிறுத்தினால் மிச்சக் கதை படிப்புக்கு நடுவில் வந்து நிக்கும். ஒரே இருப்பில் முடியுற சிறுகதையாப் பார்க்கணும்.

சுந்தர ராமசாமியின் ‘பிரசாதம்’. அவசரமா ஐந்து ரூபாய் தேவைப்படுற ஒரு போலீஸ்காரர், அவர் கையில் மாட்டிக்கிற ஒரு கோயில் அர்ச்சகர். மொத்தக் கதையும் அந்த ரெண்டு பேரோட பேச்சில்தான் நகரும். முடிவில் மனசு லேசாகும்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கொஞ்சம் நீளம், ரெண்டு நாளாப் பிரிச்சுக்கிடலாம். கடவுள் சென்னைக்கு வந்து இறங்குறார், பிள்ளைவாள் அவரிடமே தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். 1943இல் வந்த கதை, ஒரு வரிகூடப் பழசாகலை. திருநெல்வேலிப் பேச்சு நமக்கு அடுத்த வீட்டுப் பேச்சு என்பதால் தடங்கல் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. கிருஷ்ணன் நம்பியின் ‘மருமகள் வாக்கு’ சில நகைச்சுவைப் பட்டியல்களில் வருது. மாமியார் பேச்சும் தேர்தல் நாள் சந்தடியும் சிரிப்பா இருக்கும், உண்மைதான். ஆனால் கடைசி வரி நெஞ்சில் குத்தும். தமிழில் மிகச் சிறந்த கதைகளில் ஒண்ணு, மாற்றுக் கருத்தில்லை. ஆனா சிரிப்பு தேவைப்படுற நாளில் எடுக்க வேண்டியது இல்லை.

நாவல்காடு

இப்படி வடிகட்டிக்கிட்டே போனால் வெறும் இனிப்புதான் மிஞ்சும், அக்கா. எள்ளல்தான் சிரிப்பின் முதுகெலும்பு. நாஞ்சில் நாடனின் கும்பமுனி கதைகளை யாருமே சொல்லலையே? கும்பமுனிங்கிற கிழட்டு எழுத்தாளருக்கும் அவர் சமையல்காரர் தவசிப்பிள்ளைக்கும் நடக்கிற பேச்சை வாசிச்சுட்டுச் சிரிக்காமல் இருக்க முடியுமா? கோபத்தில் இருக்கிறவனுக்கு அந்தக் காரம்தான் மருந்து.

கோட்டாறு ஏடு

நாவல்காடு சொல்றதில் பாதியை ஒத்துக்கிடுறேன். சோர்வு ஒரு வகையில்லை. ஆபீசில் அவமானப்பட்டு, அரசியலைப் பார்த்து எரிச்சல் பட்டு வர்ற சோர்வுக்குக் கும்பமுனி மாதிரி எள்ளல் சரியா வேலை செய்யும், ஏன்னா கோபத்துக்கு ஒரு துணை கிடைக்குது. துக்கத்தாலும் நோயாலும் வர்ற சோர்வுக்கு அதே எள்ளல் எதிர்மாறா வேலை செய்யும். உலகமே இப்படித்தான்னு இன்னும் கீழே இழுக்கும். ஆளைக் கேட்காமல் புத்தகத்தைச் சொல்லக் கூடாதுங்கிறது அதனால்தான்.

கும்பமுனிக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. விருது, கல்லூரி விழா, பத்திரிகை அரசியல்னு தமிழ் எழுத்துலகச் சமாசாரம் கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும். அது தெரியாதவருக்குப் பாதி அம்பு எங்கே போய்த் தைக்குதுன்னே தெரியாது. தொடர்ந்து இலக்கியம் வாசிக்கிறவருக்கு முதல் தேர்வு, புதுசா வர்றவருக்கு ஐந்தாவது.

நாவல்காடு

சரிதான். அப்படின்னால் முதல் கேள்வியில் ‘எதனால் சோர்வு’ன்னும் சேர்த்துக் கேட்டிருக்கணும்.

வடசேரி வாசகர்

சேர்த்துக்கிடுறேன். ஆஸ்பத்திரிக்காரருக்கு நோய், பிள்ளைக்குப் பயம், மூணாவது ஆளுக்கு வெறும் அலுப்பு. அப்புசாமி, சீதாப்பாட்டி பத்தி யாரும் பேசலையே. வீட்டில் தடித்தடியாத் தொகுப்பு இருக்கு. சின்ன வயசில் கொண்டாடினவங்களே இப்போ எடுத்தால் அம்பது பக்கத்தில் வச்சுடுறாங்க.

மார்த்தாண்டம் பழம்புத்தகம்

குத்தம் எழுத்தில் இல்லை, வாசிக்கிற முறையில் இருக்கு. பாக்கியம் ராமசாமி அப்புசாமியைக் குமுதத்துக்காக எழுதினார். வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதினதை ஒரே நாளில் பத்து வாசிக்கிறாங்க. அப்புசாமி எதிலோ போய் மாட்டுவார், சிநேகிதர்கள் ரசகுண்டுவும் பீமாராவும் சேர்ந்து அதைப் பெரிசாக்குவாங்க, சீதாப்பாட்டி இங்கிலீஷில் ரெண்டு போடு போட்டு மீட்பார். ஏழு நாள் இடைவெளி விட்டால் அந்த வட்டம் பழைய சிநேகிதர் வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும். ஒரே மூச்சில் படித்தால் வட்டம் மட்டும்தான் கண்ணில் படும். ரெண்டு நாளைக்கு ஒரு கதை, அதுக்கு மேல வேண்டாம். தொடராக வந்த நாவல்களையும் கல்கி, தேவன் காலத்து எழுத்தையும் அப்படியே நடத்துங்க, தினம் ரெண்டு அத்தியாயம்.

இனி பதிப்புகள். இதில்தான் பலர் காசைத் தொலைக்கிறாங்க.

படம். சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’, தேவனின் கதைகள் ரெண்டுக்கும் கோபுலு வரைஞ்ச படங்கள் சிரிப்பில் பாதி. அமெரிக்கத் தலைநகரில் தமிழ்க் கல்யாணம்னு எழுத்தில் படிக்கிறது ஒரு சுகம், அப்பளம் காய்ற இடத்தைப் படத்தில் பார்க்கிறது வேற சுகம். படம் இருக்கிற பதிப்பும் இல்லாத பதிப்பும் ஒரே பேரில் கடையில் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடினாலும் படம் உள்ளதை வாங்குங்க. ஏழெட்டுப் பக்கம் புரட்டினால் தெரிஞ்சிரும்.

பழைய புத்தகக் கடையில் எடுத்தால் அச்சுப் பாரங்களை (ஃபார்ம்) சரிபாருங்க. புத்தகம் பெரும்பாலும் பதினாறு பக்கப் பாரங்களாக மடிச்சுத் தைக்கிறது. உதிர்ந்தால் பாரமாத்தான் உதிரும். 16க்கு அடுத்து 17, 32க்கு அடுத்து 33, 48க்கு அடுத்து 49 இருக்கான்னு அந்த இணைப்புகளை மட்டும் பார்த்தால் போதும். கடைசிப் பாரம் முக்கியம், அட்டையோடு சேர்ந்து கிழியுறது அதுதான். சிரிப்புக் கதையில் கடைசிப் பக்கம் போனால் மிச்சம் எல்லாம் இருந்தும் பயனில்லை.

எழுத்துரு. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சில் ணை, லை, ளை, னை எல்லாம் கொம்பு வச்ச பழைய வடிவில் இருக்கும், ணா, றா, னாவும் வேற மாதிரி. பெரியவங்களுக்குச் சுகம். இருபது வயசுப் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியிலும் அரை நொடி தட்டும். மத்த நூலில் அது பொறுத்துக்கிடலாம். சிரிப்பு எழுத்து வேகத்தில் நிக்கிறது, தட்டினால் சிரிப்பு செத்துரும். இளையவங்களுக்குப் புதுப் பதிப்புதான்.

குழித்துறை இ-வாசகன்

காசில்லாமல் வாசிக்க வழி சொல்றேன். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிஞ்சால் காப்புரிமை தீரும். கல்கி, கவிமணி 1954, தேவன் 1957. எல்லாமே தாண்டியாச்சு. மதுரைத் திட்டம் 1998இலிருந்து பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமா வச்சிருக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அச்சுப் பக்கங்களைப் படமாகவே பார்க்கலாம்.

இதில் தப்பு நடக்கிற இடம் ஒண்ணு. கம்ப்யூட்டரே படிச்சு மாத்தின, யாரும் மெய்ப்புப் பார்க்காத கோப்புகள் நிறையச் சுத்துது. அதில் ‘ர’வும் காலும் இடம் மாறியிருக்கும், மேற்கோள் குறி காணாமல் போயிருக்கும், யார் பேச்சு எங்கே முடியுதுன்னே தெரியாது. உரையாடலில் ஓடுற சிரிப்புக்கு அது பெரிய கேடு. இறக்கினதும் ஒரு உரையாடல் பக்கத்தைத் திறந்து பாருங்க. ஒரு பக்கத்தில் மூணு பிழைக்கு மேல் இருந்தால் அந்தக் கோப்பை விட்டுட்டு, அச்சுப் பக்கப் படம் உள்ளதுக்குப் போங்க. போனில் பார்க்கிறவங்க படப் பக்கத்தைக் குறுக்குவாட்டில் வச்சு அகலத்துக்குப் பெரிசாக்கணும், அப்போ எழுத்து அளவு வாசிக்கிற மாதிரி வரும்.

போனை விடாத அந்த மூணாவது ஆளுக்கு, போனிலேயே கொடுங்க. ஜெயமோகனின் ‘ஆனையில்லா!’ அவர் தளத்தில் 2020இல் வந்த கதை, இலவசமாக் கிடைக்கும். ஒரு வீட்டுக்குள்ள ஆனை மாட்டிக்கிடுது, ஊரே கூடி யோசனை சொல்லுது. முழுக்க நம்ம ஊர்ப் பேச்சு. வெளி மாவட்டத்துக்காரர் ரெண்டு தடவை வாசிச்சுப் புரிஞ்சுக்கிற வசனத்தை நாம காதால கேட்கிற மாதிரி வாசிச்சுக்கிடலாம்.

தக்கலை நர்ஸக்கா

ஆனை கதை தையல் பிரிச்ச பிறகு. முன்னாடி கொடுத்துராதீங்க.

பூதப்பாண்டி வாத்தியார்

வார்டில் கூட இருக்கிறவங்க வாசிச்சுக் காட்டலாமே. கண் களைச்சவருக்கு அதுதான் உதவும். அதுக்குச் சில முறை இருக்கு.

நாடகம் எடுத்தால் வேலை சுலபம். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’, ஜமீன்தாரும் வேலைக்காரனும் ஒரே பேர், ரெண்டு பேருக்கும் புத்தி ஒரே அளவு. எஜமான் சொன்னதைச் சொன்னபடியே செய்றதால வர்ற குழப்பம்தான் அத்தனை சிரிப்பும். காட்சி காட்சியா நிறுத்திக்கிடலாம்.

குரல் மாத்தி நடிக்க வேண்டாம். வேலைக்காரன் பேச்சை மட்டும் கொஞ்சம் மெதுவா, ரொம்ப அக்கறையாச் சொல்ற மாதிரி வாசிங்க. சிரிப்பு வர்ற சொல்லுக்கு முந்தி ஒரு மூச்சு நிறுத்துங்க, பிந்தி நிறுத்தாதீங்க. பிந்தி நிறுத்தினால் சிரிச்சாங்களான்னு பார்க்கிற மாதிரி ஆகிரும், கேட்கிறவர் கடமைக்குச் சிரிப்பார். முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை தனியா வாசிச்சுப் பாருங்க, இல்லாட்டி வாசிக்கிறவரே நடுவில் சிரிச்சுச் சொல்லைக் குழப்பிருவார். பதினைந்து நிமிஷம் போதும். பக்கத்துக் கட்டில்காரர் தூங்குறாரான்னும் பார்க்கணும்.

சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சீடர்கள். ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையை வச்சுப் பார்க்கிற இடத்திலிருந்து ஆரம்பிங்க. மூலத்தின் நடை பதினெட்டாம் நூற்றாண்டு நடை, அதனால் பிள்ளைகளுக்கு எளிமைப்படுத்தின பதிப்பு.

திங்கள்சந்தை வாசகி

வாத்தியார் சார், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எப்படி? 1879இல் வந்த முதல் தமிழ் நாவல், சிரிப்புக் கதைகள் நிறையன்னு சொல்றாங்க.

பூதப்பாண்டி வாத்தியார்

முதல் பாதி மட்டும் எடுத்துக்கிடுங்க. பிரதாபன் பள்ளிப் படிப்பு, இடையிடையே வர்ற கிளைக்கதைகள் எல்லாம் இன்னைக்கும் சிரிக்க வைக்கும். போகப் போக மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதி சொல்ல ஆரம்பிச்சிடுவார், முன்சீப்பா இருந்தவர் இல்லையா. நல்ல விஷயங்கள்தான், ஆனால் சிரிப்புக்காக எடுத்தவர் அங்கே நிறுத்திக்கிடலாம், தப்பில்லை. சிரிப்புக்கு எடுத்த புத்தகத்தை முடிக்கணும்னு கட்டாயம் வச்சுக்காதீங்க.

காளமேகத்தின் சிலேடைப் பாட்டுகளும் இதே தங்கச்சிக்கு உதவும், பாடத்திட்டத்துக்கும் ஆச்சு. பதம் பிரிச்சு, ரெண்டு பொருளையும் தனித்தனியாப் போட்ட உரை இருக்கணும். பாட்டை மட்டும் அச்சடிச்சு, கீழே ரெண்டு வரிச் சுருக்கம் கொடுத்த நூலில் நகை வராது.

மார்த்தாண்டம் பழம்புத்தகம்

நூலகத்தில் தேடுறவங்களுக்கு ஒரு சேதி. நகைச்சுவைன்னு தனி அடுக்கு வச்சிருந்தாலும் அதில் பெரும்பாலும் துணுக்குத் தொகுப்புதான் இருக்கும். மேல சொன்ன புத்தகங்களில் சாம்புவும் சாவியும் நாவல் அடுக்கில், பம்மல் நாடகத்தில், முத்துலிங்கம் கட்டுரையில், கவிமணி கவிதையில், பஷீர் மொழிபெயர்ப்பில். தலைப்பைச் சொல்லிக் கேட்கிறதைவிட ஆசிரியர் பேரைச் சொல்லிக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். வீடு கட்டிக்கிட்டிருக்கிற யாருக்காவது எடுக்கணும்னால் தேவனின் ‘ராஜத்தின் மனோரதம்’ கேளுங்க. மனை வாங்குறதிலிருந்து கொத்தனார், மேஸ்திரி வரைக்கும் எல்லாப் பாடும் அதில் இருக்கு.

வடசேரி வாசகர்

ஆஸ்பத்திரிக்கு ‘ஒற்றன்’, படிக்கிற பிள்ளைக்குப் ‘பிரசாதம்’, போன்காரருக்கு மூக்குக் கதை. சபாபதியை வாசிச்சுக் காட்டக் கூட இருக்கிற பையனிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: ‘ஒற்றன்’ எடுத்து ரெண்டு அத்தியாயத்தில் அவருக்குப் பிடிக்கலைன்னால்?

தக்கலை நர்ஸக்கா

ரெண்டு அத்தியாயம் வரைக்கும்கூடப் போக வேண்டாம். முதல் நாள் சாயங்காலம், காய்ச்சல் இல்லாத நேரமாப் பார்த்துக் கொடுங்க. வலி மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழிச்சுன்னால் நல்லது, வலியோட வாசிச்சால் எந்த எழுத்தும் கசக்கும். அப்படியும் ஓடலைன்னால் முத்துலிங்கத்துக்கு மாத்துங்க. ரெண்டையும் ஒண்ணாக் கொண்டுபோய் மேசையில் வைக்காதீங்க, எதை எடுக்கணும்னு யோசிக்கிறதே அவருக்குப் பாரமாகும்.